ஐந்தாவது அனுகூலம்

ஆய்வுப் பூங்காவின் சிற்றேட்டுக்கு
வட்டார அனுகூலங்கள் ஐந்து வேண்டுமாம்,
வெள்ளிக்கிழமைக்குள்.
நான்கை எழுதிவிட்டேன்.

நிலம் மலிவு.
சோளத்தட்டை இன்னும் முழுக்க மக்காத அயோவா மண்ணில்
கண்ணாடிச் சுவரோடு மூன்று ஆய்வகங்கள்.
நான்காவதற்கு முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
கயிற்றின் மேல் ஒரு கருங்குருவி
தன் இடம்தான் என்பதுபோல.

இரண்டு நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும் ஊர்.
இரவு ஏற்றிய திசுத் துணுக்கு
விடிவதற்குள் எந்தக் கடற்கரை நகரத்துக்கும் போய்விடும்.
பெட்டியை விமானத்துக்கு ஓட்டிப்போகும் லைல்
போன ஜனவரிப் பனிப்புயலில்
நடுச்சாலையில் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டான்.
பெட்டிக்குச் சூடேறுமே என்று ஹீட்டரை அணைத்து,
உலர்பனியின் ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்துவைத்து,
யாருடையதோ ஒரு ஈரல் துண்டுக்குக் காவல் இருந்தான்.
அதை எழுத இடமில்லை.

பன்றிகள்.
தலைக்கு ஏழு பன்றி எங்கள் கவுண்டியில்.
பன்றியின் இதயம் ஏறக்குறைய நம் அளவு.
இறைச்சி ஆலையிலிருந்து ஆய்வகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்,
வந்துசேரும்போது இதயம் வெதுவெதுப்பாக இருக்கும்
என்று எழுதினேன்.
இயக்குநர் அடித்துவிட்டு
"புத்தம் புதிதாக" என்று மாற்றினார்.

ஆண்டுக்கு நாலாயிரம் பட்டதாரிகள்.
வேலை கிடைத்தால் தங்குவார்கள்.
"தங்குவார்கள்" மட்டும் எழுதினேன்.

ஐந்தாவதை டாக்டர் ஒயேலரன்தான் சொன்னார்,
காபி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே:
"இங்கே ஜனங்கள் நகர்வதில்லை, மார்லிஸ்.
உங்கள் புதையலே அதுதான்.
ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஆறு தலைமுறை.
ஒரே மருத்துவமனையில் எழுபது வருஷத்து ஏடுகள்.
ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால்
பொஹிமியாவில் கப்பலுக்குப் பெட்டி கட்டிய
வீட்டு வாசல் வரைக்கும் போகலாம்."

இரவு உட்கார்ந்து தட்டினேன்:
நிலையான மக்கள்தொகை.

நிலையான.

பெரியப்பா எமில்
நாற்பத்து நாலு வயதில் பட்டப்பகலில்
டிராக்டரை வேலிக்குள் விட்டார்.
குடி என்றார்கள்.
அத்தை ப்ளாஸ்டா
தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தை மூக்கருகே பிடித்தாள்,
பிறகு பிடிப்பதையே விட்டாள்.
பக்தி, அத்தனையும் மனப்பாடம் என்றார்கள்.
அண்ணன் டுவேன்
இப்போது சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போகிறான்.
அவனை யாரும் எதுவும் சொல்வதில்லை.
நோய்க்குப் பெயர் வந்துவிட்டது.

மண் நல்ல மண். அதனால் யாரும் போகவில்லை.
அடுத்த பண்ணையில் பெண் எடுத்து
அடுத்த பண்ணைக்கே பெண் கொடுத்து
ஏக்கரோடு ஏக்கர் சேர்த்தோம்.
இதையும் சேர்த்திருக்கிறோம், தெரியாமல்,
பத்திரத்தில் ஏறாத சொத்தாக.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில்
பூங்காவின் இரண்டாவது கட்டடத்துக்குப் போய்
முழங்கையை நீட்டினேன்.
குடும்பம் முப்பத்தொன்று, ஆள் ஒன்பது
என்று ஒட்டினாள் செவிலி, என்னோடு பள்ளியில் படித்தவள்.
மைனஸ் எண்பதில் ஒரு அலமாரி.
எங்கள் ஊர் முழுக்க அதற்குள் நிற்கிறது,
ஞாயிற்றுக்கிழமை உட்காரும் அதே வரிசையில்கூட இருக்கலாம்.
முடிவு வந்தால் தெரிந்துகொள்ள விருப்பமா என்றாள்.
சிற்றேடு முடியட்டும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

வெள்ளி காலை, பழைய வரியை அழித்துவிட்டு
இப்படி எழுதிக் கொடுத்தேன்:
நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

இயக்குநர் "நாங்கள்" என்பதை வெட்டி
"மக்கள்" என்று போட்டார்.
அவசரத்தில் வாக்கியத்தின் வாலைக் கவனிக்கவில்லை.
மக்கள் இங்கேயே இருக்கிறோம் என்று
வழவழப்பான தாளில்
ஐயாயிரம் பிரதி வந்து இறங்கியிருக்கிறது.

மெய்ப்புப் பார்த்தது நான்தான்.